பெருக்கல் குறி போட்ட ஐந்தாம் ரீல்

பொன்மணிக்கும் இளங்கோவுக்கும் அப்பா எழுதுவது.

பொங்கலுக்கு வந்திருந்தபோது கூடத்தில் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு இருவரும் வாக்குவாதம் செய்தீர்கள். நான் பேப்பர் படிப்பதுபோல உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். திரையில் ஒரு பெரிய வட்டம் இருந்தது. அதைச் சுற்றி ஆங்கிலத்தில் ஏதேதோ எழுதியிருந்தது. என்ன என்று கேட்டேன். பொன்மணி சொன்னாள்: "இதுதாம்ப்பா கதையோட சக்கரம். எந்த சாகசப் படமா இருந்தாலும் ஹீரோ இப்படித்தான் சுத்தி வருவான். வூட்ட வுட்டுக் கிளம்புவான். ஒரு துணை கிடைக்கும். ஒரு வாசலத் தாண்டுவான், சண்டை போடுவான், கீழ ஒரு குகைக்குள்ள போவான். அங்கேர்ந்து எதையாவது எடுத்துக்கிட்டு வூட்டுக்கே திரும்பி வருவான்."

அதுவரை சண்டை இல்லை. உங்கள் கம்பெனி செய்துகொண்டிருக்கும் கார்ட்டூன் படம் நீளமாகிவிட்டது, கொஞ்சம் வெட்டச் சொல்லிவிட்டார்கள் என்று பேச்சு வந்தபோதுதான் சத்தம் கூடியது. படத்தில் வரும் பெண் குகைக்குள் சும்மா உட்கார்ந்திருக்கும் இடத்தை எடுத்துவிடலாம் என்றான் இளங்கோ. கூடாது என்றாள் பொன்மணி. ஏன் கூடாது என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

எனக்கு ஒரு பதில் தெரியும். ஆனால் அது சுருக்கமாகச் சொல்லக்கூடியது இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நீங்களும் கிளம்பிவிட்டீர்கள். அதனால் எழுதுகிறேன். நான் எட்டாவது வரை படித்தவன். உங்கள் சக்கரத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் விருத்தாசலத்தில் டூரிங் டாக்கீஸ் ஆபரேட்டராக இருந்தவன். படத்தை வெட்டுவது எங்களுக்கு அன்றாட வேலை. உங்களோடு புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள். படம் காட்டும் மிஷினை எப்படி ஓட்டுவது என்பதெல்லாம் இதில் இருக்காது. அந்த மிஷினே இப்போது எங்கும் இல்லை.

எங்கள் கொட்டகை செராமிக் பேட்டைக்குப் போகும் ரோட்டில் இருந்தது. கீற்றுக் கூரை, மணல் தரை, ஒரே ஒரு மிஷின். ஒரு ரீல் முடிந்ததும் விளக்கைப் போட்டுவிட்டு அடுத்ததை மாட்டுவோம். பார்க்க வருகிறவர்களில் பாதிக்கு மேல் பேட்டை ஜனங்கள். கப்பு, ஊறுகாய் ஜாடி, பியூஸ் கட்டை, பொம்மை என்று பீங்கானில் எதையாவது செய்கிறவர்கள். சூளையில் ராத்திரி ஷிப்டு பார்க்கிறவர்களுக்குப் பத்து மணிக்குச் சங்கு ஊதும். சங்குக்கு முன்னால் படம் முடியவில்லை என்றால் பாதியில் எழுந்து போவார்கள். மறுநாள் வர மாட்டார்கள். கோடையில் இருட்டவே நேரமாகும். இருட்டினால்தான் கீற்றுக் கொட்டகையில் படம் தெரியும். தாமதமாக ஆரம்பித்து நேரத்தோடு முடிக்க எங்களுக்குத் தெரிந்த வழி, ஒரு ரீலை ஓட்டாமல் விட்டுவிடுவது.

எந்த ரீலை விடுவது என்பதற்கு ஆபரேட்டர்களுக்குள் ஒரு பழக்கம் இருந்தது. படப்பெட்டி ஊர் ஊராகப் போகும். ஒரு ஊரில் ஒரு ரீலை விட்டுப் பார்த்து, ஜனங்கள் சத்தம் போடவில்லை என்றால், அந்த ஆபரேட்டர் அந்த ரீல் டப்பாவின் மூடியில் ஒரு பெருக்கல் குறி போட்டு வைப்பார். சாக்பீஸில் போடுவார்கள், பெயிண்ட்டில் போடுவார்கள். இதை விட்டால் பழுதில்லை என்று அடுத்த ஊர்க்காரனுக்குச் சொல்லும் குறி அது. ஒருவரை ஒருவர் பார்த்திருக்க மாட்டோம். ஆனால் அந்தக் குறியை நம்புவோம். நானும் எத்தனையோ டப்பாக்களில் போட்டு அனுப்பியிருக்கிறேன்.

அறுபதுகளில், நான் மிஷினில் கைவைக்க ஆரம்பித்த புதிதில், ஒரு குடும்பப் படம் வந்தது. குறி போட்ட ரீலை விட்டேன். அதில்தான் கல்யாணம் இருந்திருக்கிறது. முன் ரீலில் கன்னிப் பெண்ணாக அழுதுகொண்டிருந்தவள், அடுத்த ரீலில் கழுத்தில் தாலியோடு காபி ஆற்றிக்கொண்டு வந்து நின்றாள். நான் கேபின் துவாரம் வழியாக எட்டிப் பார்த்தேன். தரை டிக்கெட்டிலிருந்து ஒருவர், "எப்படா தாலி கட்டினான்?" என்று கேட்டார். பக்கத்திலிருந்தவர், "நீ பீடி வாங்கப் போனியே, அப்பதான்" என்றார். சிரித்தார்கள், படம் ஓடியது. கல்யாணம் எல்லோருக்கும் தெரிந்தது. இல்லாத ரீலை அவர்களே மனசுக்குள் ஓட்டிக்கொண்டார்கள். அன்றைக்கு நான் படித்துக்கொண்டது அது. ஜனங்களுக்கு முன்பே தெரிந்ததை வெட்டினால் அவர்களே நிரப்பிக்கொள்வார்கள்.

இனி எங்கள் கொட்டகைக்கு வந்த ஒரு கார்ட்டூன் படத்துக்கு வருகிறேன். எழுபதுகளின் நடுவில் ஒரு சித்திரை மாதம். ஊருக்குள் நிரந்தரத் தியேட்டர்கள் வந்து எங்கள் கூட்டம் மெலிந்திருந்தது. முதலாளி கடலூரில் இருந்தார். கொட்டகையைப் பிரித்து வேப்பூரில், மெயின் ரோட்டு ஓரத்தில் போட்டுவிடலாம், லாரிக்காரர்கள் வருவார்கள் என்று அவருக்கு யோசனை. எங்கள் மேனேஜர் கெஞ்சிக் கேட்டு ஒரே ஒரு வாரக் கடைசியை வாங்கினார். வெள்ளி, சனி, ஞாயிறு. பள்ளிக்கூடம் லீவு, கார்ட்டூன் படம் ஒன்று கிடைக்கிறது, போட்டுப் பார்ப்போம். கூட்டம் வந்தால் மழைக்காலம் வரை இங்கேயே. வராவிட்டால் திங்கட்கிழமை கம்பத்தைப் பிடுங்க வேண்டியது.

உங்கள் அம்மாவுக்கு அப்போது நிறைமாதம். பொன்மணி, வயிற்றில் இருந்தது நீ. உனக்கு முன்னால் ஒன்று பிறந்து தங்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரி நர்சம்மா, "பஸ்ஸில் எங்கேயும் கூட்டிக்கிட்டுப் போவாதீங்க, வலி கண்டதும் உடனே இங்க வந்துடணும்" என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கொட்டகை வேப்பூருக்குப் போனால் நானும் போக வேண்டும். ராத்திரி ஆட்டம் முடிந்தால் திரும்பி வர பஸ் கிடையாது. இங்கே அவளோடு யாரும் இல்லை. போகாவிட்டால் வேலை இல்லை. உங்கள் அம்மா என்னிடம், "கார்ட்டூன் படம்னா நல்லா இருக்குமா?" என்று மட்டும் கேட்டாள்.

பெட்டி வெள்ளிக்கிழமை காலை பாசஞ்சர் ரயிலில் வந்தது. ஆறு ரீல். படம் சின்னது என்பதால் மேனேஜர் ஒரு கணக்குப் போட்டார். வழக்கமாக ஒரு ஆட்டம் ஓடும் நேரத்தில், சங்குக்குள், இரண்டு ஆட்டம் ஓட்டிவிடலாம். நியூஸ் ரீலும் ஓட்டி, கொட்டகையை ஒரு தடவை காலிசெய்து மறுபடியும் நிரப்ப வேண்டும் என்றால், ஆறு ரீலுக்கு நேரம் போதாது. ஐந்துதான். ஐந்தாவது ரீல் டப்பாவைப் பார்த்தேன். மூடியில் ஒன்றின்மேல் ஒன்றாக நாலைந்து பெருக்கல் குறி. நாலைந்து ஊர்க் கை. அதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது?

படத்தில் பேசியது இங்கிலீஷ். திரைக்குப் பக்கத்தில் நின்று மைக்கில் தமிழில் கதை சொல்ல எங்களிடம் தங்கராசு இருந்தான். என் வயதுதான். டிக்கெட் கிழிப்பது, போஸ்டர் ஒட்டுவது, மைக் பிடிப்பது எல்லாம் அவனே. இங்கிலீஷ் அவனுக்கும் தெரியாது. படத்தைப் பார்த்து வாய்க்கு வந்ததைச் சொல்லுவான், அது பெரும்பாலும் சரியாக இருக்கும்.

கதை இதுதான். பனிமலையில் ஒரு கிராமம். ஒருநாள் எல்லா வீட்டு அடுப்பும் அணைந்துபோகிறது. மலை உச்சிக் குகையில்தான் நெருப்பு இருக்கிறது. ஒரு பையன் வீட்டிலிருந்த நெருப்புச் சட்டியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறான். தங்கராசு அவனுக்குச் சின்னான் என்று பெயர் வைத்தான். இரண்டாவது ரீலில் ஒரு கிழட்டுக் கொக்கு துணைக்குச் சேர்கிறது. அதற்குக் கொக்கு மாமா என்று பெயர். மூன்றாவதில் உறைந்த ஆற்றைத் தாண்டுகிறார்கள். நாலாவதில் ஓநாய்களோடு பெரிய சண்டை. போஸ்டரில் இருந்த படம் அதுதான். சண்டை முடிந்து, சின்னான் சட்டியோடு குகைக்குள் நுழைகிறான், கொக்கு வாசலில் நிற்கிறது. அதோடு நாலாவது ரீல் முடிகிறது. ஆறாவதில் சின்னான் நெருப்போடு வெளியே வந்து, மலை இறங்கி, ஊருக்கு வருகிறான். முதலில் யாருக்கும் அவனை அடையாளம் தெரியவில்லை. அப்புறம் அவன் அம்மாவுக்குத் தெரிகிறது.

பொன்மணி, உன் சக்கரம் முழுக்க இதில் இருக்கிறது. அடியில், கடிகாரத்தில் ஆறு மணி இருக்கிற இடத்தில், குகை என்று நீ காட்டினாயே, அதுதான் பெருக்கல் குறி போட்ட ரீல்.

வெள்ளிக்கிழமை இரண்டு ஆட்டத்துக்கும் சுமாரான கூட்டம். பிள்ளைகள் ஓநாய்ச் சண்டையில் மணலை அள்ளி வீசினார்கள். ஆனால் ஆறாவது ரீல் ஆரம்பித்ததும் பெண்கள் பக்கத்தில் முணுமுணுப்பு. அது கடைசிவரை அடங்கவில்லை. அம்மா பையனைக் கட்டிக்கொள்ளும் இடத்தில் அழுகை வர வேண்டும். ஒருவரும் அழவில்லை. எழுந்து முந்தானையில் மணலைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

சனிக்கிழமை காலை கொட்டகைக்கு எதிரே டீக்கடையில் நானும் தங்கராசுவும் நின்றுகொண்டிருந்தோம். ராத்திரி ஷிப்டு முடிந்து கன்னியப்பன் வந்தார். பேட்டையில் சூளைக்குத் தீப்போடுகிறவர், கம்மாபுரத்துப் பக்கத்துக்காரர். அவர் பெண்சாதி தனம் பொம்மைக்கு வண்ணம் தீட்டும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது, கூடவே நின்றது.

"ஆப்பரேட்டரே," என்றது தனம், "அந்தப் பையன் சட்டியக் குகைக்குள்ள வாங்கினானா, திருடினானா?"

"எந்தச் சட்டிம்மா?"

"போவும்போது கழுத்து வச்ச சட்டி. சக்கரத்துல சுத்துனது. வரும்போது கையில இருந்தது வேற. வாய் அகலமா, கோணலா, கையாலயே புடிச்சது. நாங்க என்னா, சட்டி பாக்காதவங்களா?"

"இவ ராத்திரி சோறு குடுக்க வந்தவ சூளைக்கிட்டயே உக்காந்து இதைத்தாங்க பேசினா," என்றார் கன்னியப்பன். "குகைக்குள்ள சட்டிக் கடை இருக்குதாங்கறா. நான் என்னாத்தச் சொல்லட்டும்? மண்ணெண்ணெய்க் கடையும் இருக்கும்டி, ரேஷன் கார்டு எடுத்துக்கினு போன்னேன்."

"கொக்கு எங்கங்க?" என்று தனம் விடவில்லை. "வாசல்ல நின்ன கொக்கு வரும்போது இல்ல. பையன் அதத் தேடக்கூட இல்ல. அவன் என்னா புள்ள? மாமா மாமான்னு சொல்லிட்டு, நெருப்பு கெடச்சதும் வுட்டுட்டு ஓடியாந்துட்டான். திருட்டுச் சட்டி, நன்றி கெட்ட புள்ள. இதுக்கு டிக்கெட்டு வேற."

"படத்த முழுங்கிட்டீங்கன்னு பேட்ட பூரா பேச்சுங்க," என்று சொல்லிவிட்டு டீயை ஆற்றினார் கன்னியப்பன். "இன்னிக்கி யாரும் வர மாட்டாங்க."

தங்கராசு என்னைப் பார்த்தான். "நாலு ஊர்ல ஒருத்தனும் சட்டியப் பாக்கல. இங்க வந்து மாட்டினோம் பாரு," என்றான்.

நான் கேபினுக்குப் போய் ஐந்தாவது ரீலை எடுத்தேன். கூரைக் கீற்றில் வெயில் விழும் இடமாகப் பார்த்து, பிலிமைக் கையாலேயே இழுத்து இழுத்துப் பிடித்துப் பார்த்தேன். குகைக்குள் சின்னான் வழுக்கி விழுகிறான். சட்டி உடைகிறது. நெருப்பு அங்கே எரிந்துகொண்டிருக்கிறது, எடுத்துப் போகப் பாத்திரம் இல்லை. குகை ஓரத்துச் சேற்றை எடுத்துப் பிசைந்து, கையாலேயே ஒரு சட்டி பிடித்து, நெருப்பில் வைக்கிறான். அப்புறம் கரித்தணலை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறான். முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். நான் பிலிமை இழுக்க இழுக்க அதே படம்தான் வந்தது. இருட்டு, பையன், சாம்பலில் சட்டி. குகை வாசலில் கொக்கின் நிழல் ஒருதரம் தெரிந்தது. சிறகை அடித்து அவனைக் கூப்பிடுகிறது. பிறகு நிழல் தரையோடு தரையாகக் கிடக்கிறது. பையன் எழுந்திருக்கிறான், சட்டியை எடுக்கக் கையை நீட்டுகிறான், இழுத்துக்கொள்கிறான், மறுபடியும் உட்காருகிறான்.

மற்ற ஊர் ஆபரேட்டர்கள் ஏன் குறி போட்டார்கள் என்று புரிந்தது. சண்டை இல்லை, ஓட்டம் இல்லை, பேச்சு இல்லை. ஒருவன் சும்மா உட்கார்ந்திருக்கிறான். நானும் வேறு ஊரில் இருந்திருந்தால் இன்னொரு குறி போட்டிருப்பேன். ஆனால் விருத்தாசலத்தில் குடியிருக்கிறவனுக்கு அவன் சும்மா இல்லை என்று தெரியும். போன வருஷம்தான் பேட்டையில் ஒருவர், ஆர்டர் அவசரம் என்று சூளையைச் சூட்டோடு பிரித்துவிட்டார். உள்ளே இருந்த ஜாடி அத்தனையும் விரிசல் விட்டு விண்டுபோனது. அவர் ரோட்டில் நின்று அழுததை நான் பார்த்தேன். தீ போடுவதைவிடப் பெரிய வேலை, ஆறும்வரை கையை வைக்காமல் இருப்பது. கொக்கு கூப்பிடுகிறது, ஊர் குளிரில் கிடக்கிறது, இவன் உட்கார்ந்திருக்கிறான். எடுத்தால் விண்டுபோகும். எடுக்காவிட்டால் கொக்கு செத்துப்போகும்.

மேனேஜரிடம் போனேன். ஐந்தை ஓட்டலாம் என்றேன்.

"ஓட்டு. ஆறு ரீலும் ஓட்டினா சங்கு ஊதிடும். எதை வுடுவ?"

"நாலை."

அவர் போஸ்டரைக் காட்டினார். "இங்க என்னா இருக்குது? ஓநாய். ஓநாயப் பாக்க வர்றவன்கிட்ட ஒருத்தன் குந்திகினு இருக்கிறதக் காட்டப் போறியா? கொட்டகையக் கொளுத்திடுவானுங்கய்யா."

"சண்டையைத் தங்கராசு மைக்குல சொல்லிடுவான்."

"அப்ப குந்திகினு இருக்கிறதையும் மைக்குலயே சொல்லச் சொல்லு."

தங்கராசு அங்கேதான் பசை காய்ச்சிக்கொண்டிருந்தான். "அது சொல்ல வராதுங்க," என்றான். "ஓநாய அடிச்சான், துரத்தினான்னு ஒரு மூச்சுல சொல்லிடுவேன். உக்காந்திருந்தான், உக்காந்திருந்தான், உக்காந்திருந்தான்னு எத்தினி வாட்டி சொல்றது? அத அவங்களே பாக்கணும்."

மேனேஜர் போஸ்டரைச் சுருட்டி வைத்தார். அவருக்கும் இந்த ஊரில்தான் வீடு. "மொத ஆட்டம் எப்பவும் போல," என்றார் கடைசியில். "ரெண்டாவதுல உன் இஷ்டம். கலாட்டா ஆச்சுன்னா, கொட்டகை வேப்பூருக்குப் போனாலும் சரி, இங்க இருந்தாலும் சரி, உனக்கு அதுல வேல இல்ல."

சாயங்காலம் தங்கராசு ரிக்‌ஷாவில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டிக்கொண்டு பேட்டைக்குள் போனான். அவன் சொன்னது எங்கள் வீடுவரை கேட்டது. "செராமிக் பேட்டைப் பெருமக்களே! சின்னானுக்குச் சட்டி ஏது? சட்டி வந்த மர்மம், இன்று இரண்டாவது ஆட்டத்தில்! தாய்மார்களே, கொக்கு மாமா என்ன ஆனார்?" உங்கள் அம்மா திண்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

முதல் ஆட்டத்துக்கு ஆள் இல்லை. இரண்டாவதுக்குப் பெண்கள் பக்கம் நிரம்பிவிட்டது. ஆண்கள் பக்கம் பாதி. ராத்திரி ஷிப்டு ஆட்கள் தூக்குச்சட்டியோடு வந்திருந்தார்கள். கன்னியப்பன் ஓரமாக, வாசல் கயிற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டாவது ரீலில் பிலிம் ஒட்டு விட்டுப்போனது. நான் ஒட்டி முடிப்பதற்குள் நேரம் போய்விட்டது. சங்குக்குள் முடியாது என்று அப்போதே தெரிந்துவிட்டது. மேனேஜர் கேபின் வாசலில் வந்து நின்றார்.

மூன்றாவது முடிந்தது. விளக்கைப் போட்டுவிட்டு ஐந்தாவதை மாட்டினேன். தங்கராசு மைக்கைப் பிடித்தான். "தாய்மார்களே! ஆற்றைத் தாண்டிய சின்னானை ஓநாய்க் கூட்டம் வளைத்தது! எத்தனை ஓநாய்? கொட்டகை கொள்ளாது! கம்பைச் சுழற்றினான், ஒன்றையும் விடவில்லை! அடித்த அடியில் ஒரு ஓநாய் கம்மாபுரம் போய் விழுந்தது! இதோ, குகை!"

"டேய், ஓநாயக் காட்டுடா!" என்று ஒரு குரல். இன்னும் இரண்டு விசில். என் கை விளக்குச் சுவிட்சிலேயே இருந்தது. வேண்டுமானால் நிறுத்தி நாலை மாட்டலாம். பெண்கள் பக்கத்திலிருந்து தனத்தின் குரல் வந்தது. "ஓநாய நேத்துதானே பாத்த? வாய மூடுடா, சட்டி வருது!"

சட்டி உடைந்தது. கொட்டகை முழுக்க ஒரே நேரத்தில் "ச்சூ" என்றது. பையன் சேற்றைப் பிசைய ஆரம்பித்ததும் பேச்சு நின்றுவிட்டது. "கல்லு பொறுக்கிடு, கல்லு பொறுக்கிடு" என்று ஒரு கிழவர் மெதுவாகச் சொன்னார். அவன் சட்டியை நெருப்பில் வைத்தான், தணலை ஒதுக்கினான், உட்கார்ந்தான். தங்கராசு மைக்கைக் கீழே இறக்கிவிட்டான். அவன் மைக் பிடித்த எந்தப் படத்திலும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

அப்போது சங்கு ஊதியது.

ராத்திரி ஷிப்டு ஆட்கள் எழுந்தார்கள். தூக்குச்சட்டிகள் மோதிக்கொண்டன. எழுந்தவர்கள் போகவில்லை, நின்றபடியே பார்த்தார்கள். திரையில் கொக்கின் நிழல் சிறகை அடித்தது. பையன் எழுந்தான். சட்டியிடம் கையை நீட்டினான்.

"எடுக்காதடா!" என்று கத்தினார் கன்னியப்பன். "சூட்டுல எடுக்காதடா! விண்டுபூடும்! ஆற வுடுடா!"

யாரும் சிரிக்கவில்லை. பையன் கையை இழுத்துக்கொண்டான். மறுபடியும் உட்கார்ந்தான். வாசலில் நிழல் அடங்கியது. பெண்கள் பக்கத்தில் அழுகை கேட்டது. கன்னியப்பன் சொன்னதைப் பையன் கேட்டதுபோலவே இருந்தது. பையன் கடைசியில் சட்டியை எடுத்து, விரலால் ஒரு தட்டுத் தட்டி, சத்தம் கேட்டுப் பார்த்தான். பேட்டையில் எல்லோரும் அப்படித்தான் தட்டிப் பார்ப்பார்கள். கொட்டகையில் எழுந்த சத்தத்தை என்னால் எழுத முடியாது. கன்னியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கயிற்றைத் தாண்டி ஓடினார். மற்றவர்களும் பின்னால் ஓடினார்கள். கடைசி ரீலை அவர்கள் பார்க்கவில்லை. சூளை காத்திருக்காது. அவர்களுக்கு அது போதுமாகவும் இருந்தது.

மேனேஜர் என் தோளில் கையை வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஆட்டத்திலும் நாலை விட்டு ஐந்தை ஓட்டினோம், உட்கார இடம் இல்லை. நல்லூரிலிருந்துகூட மாட்டுவண்டியில் வந்தார்கள். கன்னியப்பன் கடைசி ரீலுக்கு மட்டும் வந்து, டிக்கெட் வாங்காமல் கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்தார். தங்கராசு அவரை ஒன்றும் கேட்கவில்லை. முதலாளிக்குத் தகவல் போனது. மழைக்காலம்வரை கொட்டகை அங்கேயே இருந்தது. பொன்மணி, பத்து நாள் கழித்து உங்கள் அம்மாவுக்கு வலி கண்டபோது நான் கேபினில் இருந்தேன். பக்கத்து வீட்டு ஆள் வந்து சொன்னார். தங்கராசு மிஷினைப் பிடித்துக்கொண்டான். நான் போய் வண்டி பிடித்து அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். நர்சம்மா, "நேரத்துக்கு வந்தீங்க" என்றார். அவ்வளவுதான்.

இளங்கோ, நீ சொன்னதில் தப்பு என்று நான் சொல்லவில்லை. வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் வெட்டத்தான் வேண்டும். நான் பார்த்தவரை, ஒரு மூச்சில் வாயால் சொல்லிவிடக்கூடியதை வெட்டலாம். ஜனங்கள் தாங்களே நிரப்பிக்கொள்ளக்கூடியதை வெட்டலாம். ஓநாயை அடித்தான் என்றால் யாரும் நம்புவார்கள். ஒருவன் உள்ளே போய் வேறு ஆளாக வந்தான் என்றால் நம்ப மாட்டார்கள். அது ஆகிற நேரத்தைக் கூடவே உட்கார்ந்து பார்க்க வேண்டும். அந்த நேரம் இல்லாமல் போனால் அவன் கையில் இருப்பது திருட்டுச் சட்டிதான். உங்கள் படத்துப் பெண் குகைக்குள் எதற்காக உட்கார்ந்திருக்கிறாள் என்று முதலில் பார். அவள் எதற்காகவும் உட்காரவில்லை என்றால் தாராளமாக வெட்டு.

இன்னொன்று. பார்க்காமல் குறியை நம்பாதே. அந்தக் குறியைப் போட்டவர்கள் யாரும் வேலை தெரியாதவர்கள் இல்லை. அவரவர் ஊருக்கு அது சரியாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை காலை பெட்டி பாசஞ்சரில் அடுத்த ஊருக்குப் போக வேண்டும். தங்கராசு ரிக்‌ஷா கூப்பிடப் போயிருந்தான். கேபினில் நான் மட்டும்தான். ஆறு டப்பாவையும் வரிசையாக அடுக்கினேன். பிலிம் ஒட்டும் மருந்தைப் பழைய துணியில் நனைத்து, ஐந்தாவது டப்பாவின் மூடியைத் துடைத்தேன். சாக்பீஸ் குறிகள் உடனே போய்விட்டன. சிவப்புப் பெயிண்ட் லேசில் போகவில்லை, அழுத்தித் தேய்க்க வேண்டியிருந்தது. தேய்த்த இடம் மட்டும் புதுத் தகரம்போலப் பளபளத்தது. பிறகு நாலாவது டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கையில் சாக்பீஸ் இருந்தது. அடுத்த ஊர் எது என்று பெட்டியின் மேல் சீட்டு ஒட்டியிருந்தது. அந்த ஊரில் என்ன தொழில் என்று எனக்குத் தெரியாது. சாக்பீஸைப் பையில் போட்டுக்கொண்டு, டப்பாவை அப்படியே உள்ளே வைத்துப் பெட்டியை மூடினேன்.